பன்னிரண்டு பாட்டில்களும் என் மூக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், நானும் நலம், என்னில் ஒரு சின்ன பாகத்தைத் தவிர. அது எது என்று வரிசையாகச் சொல்கிறேன், பதறிப்போய்க் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? நலம் என்று ஒற்றைச் சொல்லில் தட்டிக்கழிக்காமல் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று விவரமாக எழுது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே நீ முடிவெடுத்துவிடுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது அல்லவா.

போன மாதம் நம் தெருவின் பெரிய குழாய் உடைந்து மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடையில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் முதல் நாள் காலையிலேயே தீர்ந்துபோயின. அப்பா முகம் கழுவாமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும், இனி இந்த வீட்டில் இருபது லிட்டராவது எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அதற்காக டிரம் வாங்கவில்லை, காலியாகிற பாட்டில்களே போதும். நீயும் செய், சொல்லித்தருகிறேன். குளிர்பானம், பழரசம் வந்த கெட்டியான பாட்டில்தான் தோது. பால் வந்த டப்பா வேண்டவே வேண்டாம், எத்தனை கழுவினாலும் கழுத்து மடிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் கெடுத்துவிடும். முப்பத்தொரு வருடம் பால் பண்ணையில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். மருந்து, பூச்சிக்கொல்லி, தரை துடைக்கிற சமாச்சாரம் வந்த எதையும் தொடாதே. சோப்பு போட்டுக் கழுவு, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் கலந்து உள்ளே ஊற்றி, மூடியோடு அரை நிமிடம் குலுக்கிக் கொட்டிவிடு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசு, விளிம்புவரை நிரப்பு, தேதி எழுதி ஒட்டி வெயில் படாத இடத்தில் வை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று. இதில் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு, மூடியையும் பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பது. அங்கேதான் வினை வந்தது.

என் வேலை என்னவென்று மாப்பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாயா தெரியவில்லை. காலையில் கேன் கேனாக வந்து இறங்கும் பாலின் மூடியைத் திறந்து ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். புளிப்பா, புகை வாடையா, மாடு மேய்ந்த இடத்தில் காட்டுப்பூண்டு இருந்ததா என்றுகூடச் சொல்லிவிடுவேன். நான் தலையாட்டினால் பால் உள்ளே போகும், கையை விரித்தால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். லாரிக்காரர்கள் எனக்கு மூக்கம்மா என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் திமிரோடு, அக்கம்பக்கத்தில் வாங்கிய பாட்டில்களையும் சேர்த்துப் பன்னிரண்டை முகர்ந்து, சரி சரி என்று நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன்.

போன வாரம் மறுபடி தண்ணீர் நின்றது. கீழ் வீட்டுத் தையல்காரி, எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி, குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். எனக்கு வாயெல்லாம் பல், இரண்டு பாட்டிலைத் தூக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் படியேறி வந்து, அக்கா தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், இதுல பினாயில் வாடை அடிக்குது என்றாள். உனக்குச் சளி புடிச்சிருக்கும், என் மூக்குக்குத் தெரியாததா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாங்கி முகர்ந்தேன், ஒன்றுமில்லை. அப்பா வாங்கினார், முகத்தைச் சுளித்தார், அடியே, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு என்றார். அது எதிர் மெக்கானிக் கடையில் வாங்கிய பழரச பாட்டில், அவர்கள் அதில் பினாயில் ஊற்றி வைத்திருந்தார்களாம். அவள் மட்டும் ருசி பார்க்காமல் கலக்கியிருந்தால் என்று நினைத்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா.

மறுநாள் பயம் கொஞ்சம் அடங்கியதும் எனக்கு ஒரே குடைச்சல், அப்படியென்றால் என் மூக்கில் என்னதான் இருக்கிறது? அப்பாவிடம் துண்டால் கண்ணைக் கட்டச் சொன்னேன். காப்பித் தூள், வெங்காயம், வினிகர், ஷூ பாலிஷ் என்று பன்னிரண்டு டப்பாவை மாற்றி மாற்றி நீட்டினார். ஒன்றுகூடத் தெரியவில்லை. துண்டை அவிழ்த்தேன், காப்பித் தூள் கம்மென்று மணக்கிறது! கண்ணை மூடினால் இல்லை, திறந்தால் இருக்கிறது. அழ மறந்துபோய், சுவிட்சைப் போட்டு அணைக்கிற குழந்தையைப் போல அரைமணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன், போதும் எனக்குக் கை வலிக்குது என்று அப்பா கத்தும்வரை. பழைய ஞாபகச் சரக்கை வைத்தே மூளை இத்தனை நாள் கடை நடத்தியிருக்கிறது, பார். எத்தனை நாளாக என்பதுதான் தெரியவில்லை. போன வருடம் நீ வந்திருந்தபோது ஏதோ தீயுது என்றாய், பிரமை என்று நான் உன் வாயை அடைத்தேனே, அது எந்த மாதம்? யோசித்து எழுது, டாக்டர் கேட்பார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். எங்களோடு வந்து இருங்கள் என்று நீ கூப்பிடும்போதெல்லாம், கேஸ் கசிந்தால் என் மூக்கு சொல்லிவிடும் என்று பெருமையடித்தேன், அந்தப் பதில் இப்போது என்னிடம் இல்லை. அதைச் சொல்லத்தான் பயந்தேன், ஆனாலும் உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கி மாட்டியாயிற்று. அடுப்பைப் பற்றவைக்கும் முன் அப்பா வந்து முகர்ந்துவிட்டுத் தலையாட்டுகிறார். டீசல் புகையில் மூக்கு செத்துப்போச்சு என்று அவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் நான் கேலி செய்த அதே மனிதருக்கு இப்போது வந்திருக்கிற மிடுக்கை நீ பார்க்க வேண்டும். கீழே போய்த் தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளே வந்து மீதிப் பாட்டில்களைச் சோதித்து இன்னொன்றையும் கழித்துப் போட்டாள். வியாழக்கிழமை காது மூக்கு டாக்டரைப் பார்க்கிறோம், அதன்பிறகு எங்கே இருப்பது என்று பேசுவோம், நீ சொல்வதை இந்த முறை முழுதாகக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. நீ விட்டுப்போன சாம்பல் நிற ஸ்வெட்டரை பீரோவில் வைத்திருக்கிறேன், அவ்வப்போது எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டால் உன் வாசம் வரும். நேற்று அப்பாவிடம் கொடுத்தேன், வெறும் பூச்சி உருண்டை வாடைதான் வருது என்றார். சரி, அதுவும் பழைய சரக்குதான் என்று நினைத்து, துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பீரோவில் இருக்கிற துணியை ஒவ்வொன்றாக நீட்டச் சொன்னேன். ஆறாவது துணியில் நீ வந்தாய், துண்டை அவிழ்த்துப் பார்த்தால் அந்த ஸ்வெட்டரேதான். தொட்டுப் பார்க்கவில்லை, சத்தியமாக. இதை டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை, சொன்னால் அவர் சரிசெய்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும். பாட்டில்களை மறக்காதே, மூடியை மாப்பிள்ளையையும் முகரச் சொல், ஒரே மூக்கை நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(மூக்கம்மா பட்டம் வியாழக்கிழமைவரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது)