அம்மாவைத் திட்டிய பதினாறு கட்டுரைகள்

நிஷ், அக்டோபர் 19

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அடுக்களையில் ஆறிக்கொண்டிருக்கும் அய்வார் மிளகாய்த் தொக்கு ஜாடிகள் எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸில் குளிர் வந்துவிட்டதாமே, கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் ஆய்வகத்துக்குப் போகாதே. நேற்று போனில் எல்லாம் சொல்லலாம் என்றிருந்தேன், உன் அம்மா பிடுங்கி "கிடைச்சிருச்சு, போய்த் தூங்கு" என்று முடித்துவிட்டாள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அது போதுமா, நீயே சொல். உன் அம்மா முழுப் பேராசிரியை ஆகிவிட்டாள், கண்ணு.

விதி உனக்குத் தெரிந்ததுதான். அவள் கட்டுரைகளைக் குறைந்தது நூறு இடத்தில் பிறர் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும், அவளோடு சேர்ந்து எழுதியவர் காட்டினால் சேராது. இந்தத் தடவை தவறினால் வயது வரம்பு வந்துவிடும், ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதனால் நூற்றெட்டு மேற்கோள்களோடு போனாள். தேர்வுக் குழுவில் நான் காட்டிய பத்தொன்பதையும் ஒரே கோடாக அடித்துவிட்டார்கள். நீ பிறந்த வருஷம் அவளோடு சேர்ந்து ஒரே ஒரு கட்டுரை எழுதினேன், அந்தப் பாவத்துக்கு இது. இத்தனை வருஷம் ஒரு கட்டுரை விடாமல் அவளைப் புகழ்ந்தவன் நான், எனக்குப் பொறுக்கவில்லை, பின்வரிசையிலிருந்து எழுந்து "ஏன், புருஷன்னா உண்மை பேச மாட்டானா?" என்று கேட்டுவிட்டேன். சபையே சிரித்தது, உன் அம்மா மட்டும் முறைத்தாள். மிச்சம் எண்பத்தொன்பது. அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது பிளாகோயே எழுந்தார். ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னவளாக இருந்தபோது அவர் பெயரைச் சொன்னாலே உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாளே, அதே பிளாகோயேதான், அந்தக் குழுவில் இருக்கிறார். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு அந்த இதய மாத்திரை பாதியே போதும் என்று இவள் எழுத, முழுசாகக் கொடுக்காவிட்டால் ஆபத்து என்று அவர் எழுத, அப்படியே போய்க்கொண்டிருந்த சண்டை. பட்டியல் போட்டபோதே அவருடையதையும் சேர்க்கச் சொன்னேன். "திட்டு வாங்கினதைப் போய் சாதனைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று என் மேல் பாய்ந்தாள். இப்போது அவர் எழுந்ததும் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னோடத எங்க காணோம்? பதினாறு கட்டுரை எழுதியிருக்கேன், பதினாறுலயும் இந்தம்மா சொன்னது தப்புன்னுதான் எழுதியிருக்கேன். புருஷன் புகழ்ந்தது செல்லாது, சரி. நான் திட்டினது செல்லுமில்ல? என்னைவிட வேண்டாதவன் இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். குழுத் தலைவி விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மேற்கோள் காட்ட வேண்டும் என்றுதான் இருந்தது, ஒத்துப்போக வேண்டும் என்று எங்கும் இல்லை. நூற்றைந்து. எல்லாக் கையும் மேலே போயிற்று, முதல் கை அவருடையது.

பிறகு தாழ்வாரத்தில் கிபானிட்சா பாலாடைக்கட்டி அடையும் பிளம் ரக்கியாச் சாராயமும் வைத்தோம், முதல் கிளாஸ் அவருக்குத்தான் ஊற்றினேன். உன் அம்மா சும்மா இருப்பாளா, நேரே போய் "இப்பவாவது நான் சொன்னது சரின்னு ஒத்துக்குவீங்களா?" என்று சீண்டினாள். "கட்டுரையில ஒத்துக்க மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசு, சிறுநீரகம் சரியில்ல. போன குளிர்காலத்துலேருந்து பாதி மாத்திரைதான் குடுக்கறேன். நல்லா இருக்காங்க" என்றார். சபையில் கல்லாக உட்கார்ந்திருந்தவள் அங்கே அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, காலையில் கொடுக்கிறீர்களா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான்.

நவம்பரில் நம் குடும்பப் புனிதரின் நாளுக்கு அவரும் அவர் அம்மாவும் வருகிறார்கள், ரொட்டி வெட்டும்போது உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்வோம். கடவுள் உங்களுக்குக் குறை வைக்க மாட்டார். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு முழுக் கதையையும் புதிதாகக் கேட்பதுபோல் கேள். உன் அடுத்த கட்டுரையில் அவளை மேற்கோள் காட்டுவதாக இருந்தால், நன்றாகத் திட்டியே எழுது, யாரும் கோடு போட்டு அடிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கணக்கில் சேராத உன் அப்பா,
ராதோமிர்