நீங்கள் சாய்ந்த பக்கம்

என் அன்பான ரோசி அப்பாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்களுக்கு முதல் வருசப் பூசை. வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டுமே என்று அச்சகத்துக்குப் போனேன். "படத்துக்குக் கீழ போட நாலு வரி எழுதிக் குடுங்கம்மா" என்றார் அங்கே இருந்தவர். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் நாலு வரியில் நான் என்றைக்குப் பேசி முடித்திருக்கிறேன்?

படம் என்று அந்த மாளிகையில் எடுத்ததைத்தான் கொடுத்தேன். வேறு எந்தப் படத்தில் நீங்கள் ஒழுங்காகச் சட்டை போட்டிருக்கிறீர்கள்? எல்லாவற்றிலும் முண்டா பனியன், தோளில் வலை. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அவரு இந்த ஓரம், நீங்க அந்த ஓரம். நல்லதாப் போச்சும்மா, உங்கள வெட்டிட்டு அவர மட்டும் எடுக்கறது சுலபம்" என்றார். பாவம், அவர் வேலையை அவர் சொன்னார். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாம் ஏன் அப்படி ஆளுக்கொரு ஓரமாக நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதை நம் மகள் ரோசி படிப்பாள். அன்றைக்கு நம்மோடு இருந்த கலாவும் தேவராஜ் அண்ணனும் படிப்பார்கள். படிக்கட்டும். ஒரு வருசமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மில்லை மூடி உங்களை வீட்டுக்கு அனுப்பினபோது உங்களுக்குத் தறியைத் தவிர வேறொன்றும் தெரியாது. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் பிறந்தவள் நான்தான். என் அண்ணன் சும்மா போட்டுவைத்திருந்த சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் நண்டு வலை போடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். முதல் நாளே என்ன செய்தீர்கள்? வலையில் ஒரு பெரிய நண்டைக் கண்டதும், "செலின், இங்க வந்து பாரேன்!" என்று கத்தினீர்கள். நானும் ஆசையாக எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே பக்கம். படகு குப்புறக் கவிழ்ந்தது. நண்டு போயிற்று, இடுப்பளவுச் சேற்றில் உங்கள் ஒரு செருப்பும் போயிற்று.

அன்றைக்குப் போட்டீர்கள் சட்டம். "இதோ பாரு, நான் அந்தப் பக்கம் சாஞ்சா நீ இந்தப் பக்கம் போவணும். நான் இந்தப் பக்கம் வந்தா நீ அந்தப் பக்கம். யோசிக்கவே கூடாது. காலு தானாப் போவணும்." ஆற்றங்கரைக்காரிக்கு மில்காரர் பாடம் சொன்னார். நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். அப்புறம் இருபது வருசம். நீங்கள் வலையை இழுக்க இடது பக்கம் குனிவீர்கள், நான் வலது பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளாவது நீங்கள் சொல்லி நான் நகர்ந்திருக்கிறேனா? கால் தானாகத்தான் போயிற்று.

கரையில் உங்களுக்கு "என்னங்க", "வாங்க", "போங்க". படகில் ஏறிவிட்டால் அதெல்லாம் கிடையாது. "யோவ், பாத்து சாயி!", "யோவ், வலையப் புடிய்யா!" மோட்டார் சத்தத்தில் மரியாதை எங்கே காதில் விழும்? இறங்கினதும் மறுபடியும், "டீ குடிக்கிறீங்களா?" உங்களோடு மில்லில் வேலை பார்த்த தேவராஜ் அண்ணன் இதைச் சொல்லித்தானே உங்களை ஓட்டுவார்.

அவர்தான் கூப்பிட்டார். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்து மாளிகை ஒன்றில் வாட்ச்மேன் வேலை அவருக்கு. "எத்தினி வருசமா வெளிய நின்னே பாத்துட்டுப் போவீங்க? ஓனருகிட்ட கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வாங்க, உள்ள சுத்திக் காட்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நாம் வலை போடுவதில்லை. வீட்டில் இருந்தால் நீங்கள் எதையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். போகலாம் என்று கிளப்பினது யார்? நான்.

கேட்டுக்குள் நுழைந்ததும் தேவராஜ் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "பொன்ழூர் மதாம்!" என்று எனக்குப் பிரெஞ்சில் வணக்கம் வைத்தார். நீங்கள் சும்மா இருப்பீர்களா, "மெர்சி மிசே, மெர்சி" என்று துரை மாதிரி நன்றி சொல்லி நெஞ்சை நிமிர்த்தினீர்கள். அவர் மனைவி கலா லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து நமக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். "வந்துட்டாங்கப்பா வூட்டு ஓனருங்க" என்றாள். வாசலில் செருப்பை விட மனசு வராமல் கையிலேயே எடுத்துக்கொண்டீர்கள். ஒன்றைத் தொலைத்தவராச்சே.

உள்ளே எவ்வளவு பெரிய கூடம்! தூணைத் தூணைத் தட்டிப் பார்த்தீர்கள். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினீர்கள். அப்போதுதான் கலா கேட்டாள்.

"இன்னா செலின், அண்ணனோட சண்டையா? அவரு அந்தச் செவுத்தாண்ட போனா நீ இந்தச் செவுத்தாண்ட வர்ற. வந்ததுலேர்ந்து பாக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே கவனித்ததில்லை. நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், அந்தக் கூடமே அதிர்ந்தது. "படகும்மா இது! படகு கவுறாம இருக்கணும்ல!" தேவராஜ் அண்ணன் போனை நீட்டி, "ரெண்டு பேரும் கிட்ட நில்லுங்கய்யா" என்கிறார். நீங்கள் என் பக்கம் ஒரு அடி வைக்கிறீர்கள், நான் அந்தப் பக்கம் ஒரு அடி போகிறேன். மறுபடி. மறுபடி. "கல்யாணத்தன்னிக்கும் இப்டித்தான் நின்னீங்களா?" என்று கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படம்தான் இது. இந்த ஓரத்தில் நீங்கள், அந்த ஓரத்தில் நான், நடுவில் கண்ணாடி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கப்புறம் நான் அப்படிச் சிரிக்கவில்லை.

மாடிக்குப் போனோம். மேலே வராந்தா முழுக்கப் பழைய மரப்பலகை. "எல்லாரும் ஒரே எடத்துல நிக்காதீங்க, லேசா ஆடும்" என்று தேவராஜ் அண்ணன் சொன்னார். காலை வைத்ததும் பலகை கீழே இறங்கி மேலே வந்தது. எனக்கு உள்ளங்காலில் படகு தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்களே.

நீங்கள் இடது பக்க ஜன்னலுக்குப் போனீர்கள். அங்கிருந்து கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்று தெரிந்தது. "செலின், கடலு இன்னா ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி தெரியுது?" என்றீர்கள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? "கண்ணாடி போடுங்கன்னா கேட்டாத்தான?" என்றேன். கடைசியாக நான் உங்களிடம் சொன்னது அதுதான். ஒரு நல்ல வார்த்தை இல்லை.

நீங்கள் இடது பக்கம் சாய்ந்தீர்கள். பலகை கிறீச்சென்றது. என் கால் வலது பக்கம் போய்விட்டது.

இரண்டு எட்டு. யோசிக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே, கால் தானாகப் போனது. நீங்கள் விழுகிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கால் இன்னும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. படகில் காலே வைத்திராத கலா உங்களை நோக்கி ஓடினாள். உங்கள் சட்டையை எட்டிப் பிடித்தாள், கிழிந்த துணிதான் அவள் கையில் இருந்தது. ஜன்னல் கட்டையில் உங்கள் தலை மோதின சத்தம் கேட்டபோது நான் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். உங்கள் இடது கை, இடது கால் எதுவும் அசையவில்லை. நீங்கள் கண் திறக்கவும் இல்லை. "மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. விழுந்ததால இது வரலம்மா, இது வந்ததாலதான் விழுந்தாரு" என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கிட்ட இருந்து புடிச்சிருந்தா?" என்று கேட்டேன். "புடிச்சிருந்தாலும் இதான்மா" என்றார். படித்தவர், பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவர் அந்த வராந்தாவில் இல்லையே. அந்த மூன்று நாளும் நர்சம்மா உங்களை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் என் கால் கட்டிலுக்கு வலது பக்கம் போய் நின்றது. இந்தக் காலை நான் என்ன செய்வது?

கலா என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "பயத்துல பின்னாடி போயிட்ட செலின். யாரா இருந்தாலும் அப்டித்தான்." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பயம் இல்லை கலா. ஒரு பொட்டுப் பயம் இல்லை. அவரைக் கவிழாமல் காப்பாற்றத்தான் நான் தள்ளிப் போனேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

தேவராஜ் அண்ணன் இன்னும் அந்த மாடிக்கு ஏறுவதில்லை. "நான்தான் கூப்ட்டேன், நான்தான் கூப்ட்டேன்" என்று பார்க்கும்போதெல்லாம் அழுகிறார். "இல்லண்ணே" என்று மட்டும் சொல்கிறேன்.

டாக்டர், கலா, சாமியார், யார் சொல்லியும் தீராத ஒன்று இருக்கிறது. விழும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தள்ளிப் போவதைப் பார்த்தீர்கள். அப்போது என்ன நினைத்தீர்கள்? 'செலின் படகைப் பிடிக்கிறாள்' என்றா? 'விட்டுவிட்டுப் போகிறாள்' என்றா? ஒரே ஒரு தடவை கண் திறந்து ஒரு முறை முறைத்திருந்தால்கூடப் போதும், எனக்குத் தெரிந்திருக்கும். கண்ணைத் திறக்காமலே போய்விட்டீர்களே. இனி நான் யாரைக் கேட்பது?

இங்கே நடப்பதையும் சொல்ல வேண்டும். ரோசி சென்னைக்கு வந்துவிடு என்று தினமும் போன் செய்கிறாள். நான் பிடி கொடுக்கவில்லை. போன மாதம் தனியாகப் படகை எடுத்தேன். என் பக்கம் உட்கார்ந்ததும் படகு என் பக்கமே இறங்கியது. மறுநாள் ஒரு மணல் மூட்டையை உங்கள் இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான் நகர்ந்தால் மூட்டை நகரவில்லை. "யோவ், அந்தப் பக்கம் போய்யா!" என்று மூட்டையைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வலை போடாமலே வந்துவிட்டேன்.

அட்டையில் அந்தப் படத்தை வெட்டாமல் போடச் சொல்லப் போகிறேன். எழுத்துக்கு இடம் எங்கே என்று அவர் கேட்பார். நடுவில்தான் அவ்வளவு இடம் கிடக்கிறதே, அங்கே போடுங்கள் என்பேன். நாலு வரிகூட வேண்டாம், உங்கள் பெயரும் என் பெயரும் போதும்.

பூசை முடிந்ததும் தேவராஜ் அண்ணனையும் கலாவையும் கூட்டிக்கொண்டு அந்த மாளிகைக்குப் போகிறேன். அந்த வராந்தாவில் நின்று இதெல்லாவற்றையும் அவர்களிடம் என் வாயால் சொல்லப் போகிறேன். அவர்கள் என்ன நினைத்தாலும் சரி. அதற்கப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை உங்களிடம் மட்டும், படகுப் பேச்சில் சொல்கிறேன்.

யோவ், நீ நின்ன ஜன்னலாண்ட வரேன்யா. நீ சாஞ்ச பக்கமே வந்து நிக்கிறேன். காலு கேக்காது, கையால இழுத்தாவது வெச்சு நிக்கிறேன். கவுந்தா கவுறட்டும்.

இப்படிக்கு,
எதிர்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்ட உன் பொண்டாட்டி
செலின்