டிரைவர் தாத்தாவுக்கு ஒரு ரைட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், பயப்படாதீர்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

விடுமுறை வேலைக்கு வந்த இந்த முதியோர் இல்லத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் உதவுகிறேன். இங்கே ஒரு பழைய பஸ் டிரைவர் தாத்தா. பக்கவாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கவே பயம். கூடத்தை நடந்து கடந்தால்தான் மகள் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

இன்று பயிற்சியாளர் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாற்காலிப் பயிற்சிக்கு நானே குரல் கொடுத்தேன்: "லெஃப்ட்... ரைட்!" வலது காலைத்தான் சொன்னேன். டிரைவருக்கு அது, வண்டியை எடு என்று கண்டக்டர் கொடுக்கும் குரல் அல்லவா! வாக்கரைப் பிடித்து எழுந்து கிளம்பியேவிட்டார். ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. மழையில் ஓட்டுகிறவர்போல் கண்ணை இடுக்கிக்கொண்டு, கனவில் போவதுபோல் போனார். நான் அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"யோவ், என்னை ஏத்தாம போறியே!" என்றார் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மா.

"பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வா!" என்றார் தாத்தா.

எதிர்ச்சுவர் வந்ததும் அவர் கால் நடுங்கியது. வண்டியை நிறுத்தும் கண்டக்டர்போல் "ஹோல்டான்!" என்று கத்தி நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எந்த ஸ்டாப்பும்மா இது?"

"உங்க பொண்ணு வீட்டுக்கு முந்தின ஸ்டாப், தாத்தா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் நீலப் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே போதும்.

நாளை டாக்டர் முன்னால் அவர் நடக்க வேண்டும். நான்தான் ரைட் கொடுக்க வேண்டுமாம், தூக்கமே வரவில்லை, அப்பா. விளக்கை அணைத்துவிட்டார்கள்.