திருடனும் அப்படித்தான் சொல்வான்

என் அன்புச் செல்லத்துக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நேற்று ஒரு கூத்து. படித்துச் சிரித்துவிட்டு மறந்துவிடு. ஒரு வீட்டில் திருட்டு அலாரத்துக்குப் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் கடைக்குப் போயிருந்தார். மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். யாரோ உடைக்கிறார்கள் என்று அதற்குத் தோன்றிவிட்டதோ என்னவோ, வெளிச்சுவரில் சைரன் அலறியது. திருடன் கரண்டைத் துண்டித்தாலும் கத்துவதற்காக அதற்குள் தனி பேட்டரி இருக்கும். அதை நிறுத்த ஏணியோடு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"அசையாத! கையத் தூக்கு!"

"அண்ணே, நான் அலாரம் ரிப்பேர் பண்ண வந்தவன்..."

"திருடனும் அப்படித்தான் சொல்வான்!"

கம்பெனி பெயர்கூட வாயில் வரவில்லை. நல்லவேளையாக அந்த அம்மாள் திரும்பி வந்தார்.

"ஐயோ, விடுங்க! நான்தான் அவரை வரச் சொன்னேன்!"

பிறகு கம்பிக்காரரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

அடி ஒன்றும் படவில்லை, பயப்படாதே. யாராவது அறைக் கதவைத் தட்டினால்தான் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

நம் வாசல் தாழ்ப்பாள் ஆடுகிறதே, உடனே மாற்றிவிடு. நாம் மூவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்பு, சட்டைப் பையில் அடங்குகிற அளவில். மறுபடி யாராவது நிறுத்தி யார் நீ என்று கேட்டால், பேச்சு வராவிட்டாலும் அதையாவது எடுத்துக் காட்டலாம்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்னவன்