பிணம் மட்டும் தெளிவாக விழுந்த படம்

என் அருமை வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகத் துடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போடவும் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதல்முதலாக நாடக மேடை ஏறுகிறேன், வாடி என்று கூப்பிட்டதற்கு நீ லீவு இல்லை என்று சொல்லிவிட்டு, நல்ல கேமராவாக வாங்கி அப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல், வந்து பார்த்த மாதிரியே இருக்கும் என்றாய். நாலு வருஷமாக நீ இப்படித்தான் வந்த மாதிரியே இருக்கிறாய், போகட்டும். கடைக்காரர் காட்டிய நீள மூக்கு லென்ஸுக்கெல்லாம் மயங்காமல், நீ சொன்னபடியே பெரிய சென்சார், வாய் அகலமான லென்ஸ், இருட்டில் எடுக்க இதுதான் சரி என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கி வந்தார். வாங்கியதெல்லாம் ஒழுங்குதான், கோட்டை விட்டது எடுத்ததில். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்த மனுஷனுக்குப் புள்ளி என்றாலே கறை பட்ட துணி. என் கையால அப்படி ஒண்ணு வெளிய போகாது என்று அதை நூறிலேயே வைத்துவிட்டார். வெளிச்சம் போதாத கேமரா என்ன செய்யும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நொடி முழுக்க வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஸ்டாண்டில் வைத்ததால் கேமரா ஆடவில்லை, மேடையில் இருக்கிறவர்கள் ஆடாமல் இருப்பார்களா! கதாநாயகன் வெறும் புகை, அழுகிற அவன் பெண்டாட்டி பாதிப் புகை, போலீஸ்காரருக்கு மூன்று தொப்பி, முகம் ஒன்றுகூட இல்லை. தெளிவாக விழுந்தது நான் ஒருத்திதான். என்ன வேஷம் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், பிணம்டி. இருபது நிமிஷம் மூச்சைக் கள்ளத்தனமாக விட்டுக்கொண்டு கிடந்தேன். என் இமை முடியை எண்ணலாம், போர்வையில் அப்பா போட்ட ஓரத்தையலை எண்ணலாம். லைட் போடுகிறவர் பார்த்துவிட்டு, பிணம்தாங்க நல்லா நடிச்சிருக்கு என்றார். ஐ.எஸ்.ஓ.வைப் பத்தாயிரத்துக்கு ஏத்துங்க, நொடியில நூத்துல ஒரு பங்குதான் திறந்திருக்கணும், புள்ளியக் கிட்டப் போய் மோந்து பாக்காதீங்க என்று அப்பாவுக்குப் பாடமும் எடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை உனக்கு அனுப்பக் கூடாது என்று அப்பா முரண்டு பிடிக்கிறார். புள்ள பதறிடுவா என்கிறார். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் காபி வேணுமா என்று கேட்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அவருக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பதறினால் பதறு. உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அதையும் சிரிப்பாகவே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வருகிற மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் அடுத்த நாடகம். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரி வேஷம், ஒன்பது வசனம், கதாநாயகன் கன்னத்தில் ஓர் அறையும் உண்டு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. நான் நிஜமாகவே படுத்துவிட்டேன் என்றால் எந்த லீவும் கேட்காமல் அழுதுகொண்டு ஓடி வருவாய், தெரியும். அன்றைக்கு எனக்கு வசனம் இருக்காதடி.

இப்படிக்கு,
இன்னும் பேசிக்கொண்டிருக்கும்
உன் அம்மா