கண்டறிய முடியாதவள்

என் பிரியமான நூருவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கப்போவதில்லை. போன இடத்திலும் நாலு பேருக்கு ஜாக்கெட் அளவெடுத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருப்பாய். நான் சுகம். அரியலூர் வீட்டு வாசலில் சிமெண்ட் லாரிகள் போகிற போக்கில், காலையில் துடைத்த நாற்காலி மத்தியானத்துக்குள் வெளுத்துவிடுகிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாக்காளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தது நான்தான்.

கோபப்படாதே. நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் உன் பெயர் அதில் இருந்தது. வீடு வீடாகப் படிவம் கொடுக்க வந்தவர்கள் உன் பெயர் அச்சடித்த படிவத்தையும் சேர்த்தே ஷமீமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இறந்துவிட்டார் என்று எழுதித் திருப்பித் தரவேண்டும். உன் மகள் பேனாவை எடுப்பாள், வைப்பாள். மூன்று நாள் அந்தக் காகிதம் உன் தையல் மிஷின் மேலேயே கிடந்தது. "என்னால ஆவாது பெரியம்மா. நீங்களே எழுதிடுங்க" என்றாள். உங்கள் ஊரில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவள் நான். எத்தனையோ கடிதங்களின் மேல் 'விலாசதாரர் காலமானார்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் பெயருக்கு நேராக எழுதும்போது மட்டும் எழுத்து கோணிக்கொண்டு போனது.

உனக்கு விஷயமே தெரியாதே. டெல்லியில் ஒரு முடிவு எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலை அடியோடு திருத்தப்போகிறார்களாம். இருக்கிறவர்கள் எல்லாரும் சில வாரத்துக்குள் படிவம் நிரப்பவேண்டும். இருபது வருஷத்துக்கும் முந்தைய பழைய பட்டியலில் தன் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று தேடி எழுதவேண்டும். எழுதித் தராதவர் பெயர் இருக்காது.

நல்லதுதானே என்றார்கள் சிலர். என் தம்பி அருளப்பன் அவர்களில் ஒருத்தன். வரதராஜன்பேட்டையில் முந்திரிக் காட்டில் நின்றுகொண்டே போனில் எனக்குப் பாடம் எடுத்தான்.

"செத்தவங்க பேரெல்லாம் அப்புடியே கெடக்குதுக்கா. களை எடுக்க வேணாமா?"

"களைன்னு நெனச்சு பயிரப் புடுங்கிட்டா?"

"அதெல்லாம் பாத்துத்தான் செய்வாங்க. நீ அந்தப் பக்கத்து ஆளுங்க பேச்சக் கேட்டுட்டுப் பேசாத."

செத்தவர் பெயர் கிடக்கிறது என்பது வாஸ்தவம்தான். உன் படிவமே என் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் நூரு? உன் பக்கம். அவன் பெண்டாட்டியின் கல்யாண ஜாக்கெட்டை விடிய விடிய உட்கார்ந்து தைத்தவள் நீ என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவன் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

உங்கள் லப்பைக்குடிகாட்டில் நிலைமை வேறு. டீக்கடையில் ஒருத்தர் ஒன்று சொல்ல, வாட்ஸ்அப்பில் வேறொன்று வர, ஜனங்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள். குவைத்திலிருந்து ஷமீமா மாப்பிள்ளை தினமும் கூப்பிட்டு, "என் பேரு இருக்குதா, அத்தா பேரு கெடச்சுதா" என்று கேட்டார். உன் எதிர்வீட்டு ஹாஜிரா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பேரு இல்லன்னா வூட்ட விட்டும் போவச் சொல்லுவாங்களா போஸ்ட்டம்மா?"

"ஓட்டுப் போடுற பட்டியல்டி இது. வூட்டுக்கும் அதுக்கும் என்னா?"

"இன்னைக்கு ஓட்டும்பாங்க. நாளைக்கு?"

மறுநாளே படிவம் நிரப்பும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். காலையில் அரியலூரில் பஸ் ஏறினால் பத்து மணிக்கு உன் தையல் கடையில் இருப்பேன். நீ துணி வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பினேன். ஷமீமா போனில் பழைய பட்டியலில் ஒவ்வொரு பெயராகத் தேடுவாள். சிரித்தும் மாளவில்லை. ஹாஜிராவின் அத்தா ஒரு காகிதத்தில் அப்துல் காதர், இன்னொன்றில் அப்துல் காதிர், ரேஷன் கார்டில் அப்தூல்காதற். "மூணு பேருக்கா பொறந்தேன் நான்?" என்று ஹாஜிராவே கேட்டு, அவளே முதலில் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள்.

வரைவுப் பட்டியல் வந்தது. உன் தெருவில் ஒரு பெயர்கூட விடுபடவில்லை. ஷமீமா சேமியா பாயசம் காய்ச்சினாள். டம்ளர்கள் கைமாறிக்கொண்டிருக்கும்போது, "பெரியம்மா, ஒங்களதையும் பாத்துடுவோம்" என்று போனைத் தட்டினாள். தட்டியவள் மறுபடி தட்டினாள். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

இல்லை நூரு. என் பெயர் இல்லை.

மறுநாள் அரியலூரில் என் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுபட்டவர்கள் பெயரைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம். இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு. என் பெயருக்கு எதிரே, 'கண்டறிய முடியாதவர்'.

என்னையா! 'காதர் பாய், பள்ளிவாசல் பக்கம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை, அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை காதர்களிலும் சரியான காதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவளைக் கண்டறிய முடியவில்லையாம்.

யாரை நோவது? எங்கள் தெருவுக்குப் படிவம் கொண்டுவந்த அங்கன்வாடி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பாவம், குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "மூணு தடவ வந்தேங்க. மூணு தடவையும் பூட்டு. பக்கத்துல கேட்டா, ஆரோக்கிய மேரின்னு யாரும் இல்லன்னுட்டாங்க." தெருவில் எல்லாருக்கும் நான் போஸ்ட்டம்மா. பெயரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் வந்த மூன்று நாளும் நான் உன் மேஜையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். என் படிவம் எங்கே போய்விடப்போகிறது என்கிற திமிர் வேறு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் 'வீடு பூட்டியிருந்தது' என்றுதான் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குடியுரிமைச் சட்டம் வந்தபோது நீங்கள் பள்ளிவாசல் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்தீர்களே, அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. கல்யாண வீட்டில்கூட முன்வரிசையில் உட்காராத நீ, அன்றைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். தபால் பையோடு வந்து நின்று நான் என்ன சொன்னேன்? "ஒனக்கு என்னாடி ஆவப்போவுது? ஊருக்கே ஒன்னத் தெரியும்." நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "ஊருக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியணுமே" என்றாய். நீ எதையும் பெரிதாக்குகிறவள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு காகிதம் நம்மைத் தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

சாயங்காலம் அருளப்பன் போன். ஷமீமா அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"எவன் சொன்னான் ஒன்னக் காணோம்னு? ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போஸ்ட்டம்மா வூடு எதுன்னு கேட்டா பச்சப்புள்ள காட்டும்!"

"களை எடுத்தாங்கடா. நான் களையாம்."

"சும்மா இருக்கா, அப்புடிப் பேசாத" என்றான். மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு, எங்கள் ஊர்ப் பழைய பட்டியலை வரி வரியாகத் தேடியிருக்கிறான். அங்கே நான் இல்லை. தாலி கட்டிப் போனவள், தாலி அறுத்துத் திரும்பியவள், வேலை கிடைத்து வெளியூர் போனவள். என் பெயரை எங்கே தேடுவது? போனிலும் கிடைக்கவில்லை.

ஷமீமா விடவில்லை. பெரம்பலூர் போய் உங்கள் பாகத்துப் பழைய பட்டியலை முழுசாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் கடையில் ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஹாஜிராதான் கத்தினாள்.

"இந்தா இருக்குதே நூரு பேரு! அதுக்குக் கீழ யாரு இது, மேறியம்மான்னு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். கதவு எண் உன் வீட்டு எண். உன் வீட்டுக்காரர் பெயர், உன் பெயர். அடுத்த வரியில் 'ஆரோக்ய மேறியம்மா, தந்தை சவுரிமுத்து'. உன் வீட்டு முன்னறையில் நான் கொஞ்ச காலம் குடியிருந்தேனே, தேர்தல் எதுவும் வராத காலம். பெயர் எழுத வந்த அன்றைக்கு நான் தபால் பையோடு தெருவில் இருந்திருப்பேன். நீதான் சொல்லியிருக்கிறாய். என் பெயரை நீ உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருந்தார்கள். இந்த எழுத்தில் இருந்தால் எந்தப் போன்தான் கண்டுபிடிக்கும்?

நீ இதை என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே நூரு. சொல்லுகிற விஷயம் என்றே உனக்குத் தோன்றியிருக்காதோ? வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், நீ என்னையும் சேர்த்து எண்ணிவிட்டாய். அவ்வளவுதான். ஷமீமா என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரெண்டு பேரும் அழுததைப் பார்த்து ஹாஜிரா, "கெடச்சதுக்கு ஏன் அழுவுறீங்க" என்று தானும் அழுதாள்.

சனிக்கிழமை அரியலூரில் பெயர் சேர்க்கும் முகாம். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். கேட்டால்தானே? ஒரு வேன் நிறைய உன் தெருப் பெண்கள் வந்து இறங்கினார்கள், பிரியாணிச் சட்டியோடு. அருளப்பன் ஒரு பை அவித்த கடலையோடு முதல் பஸ்ஸிலேயே வந்து வாசலில் நின்றான். வேனிலிருந்து இறங்கிய ஹாஜிராவிடம் போய்ப் பையை நீட்டி, "எடுத்துக்குங்கம்மா, நம்ம காட்டுக் கடலை" என்றான். எடுத்துக்கொண்டாள். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். எனக்குப் போதும்.

மேஜையில் இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார்.

"யாருக்குங்க பேர் சேக்கணும்?"

"எனக்கு மட்டுந்தாம்மா."

"அப்ப இவங்கல்லாம்?"

"கண்டுபிடிச்சுக் கொண்டாந்துருக்கோம்" என்றாள் ஹாஜிரா. "எழுதிக்குங்க. மறுபடி தொலைச்சிடாதீங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். சாட்சிக்கு ஆள் வேண்டாம், காகிதம் போதும் என்றார். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் நீ எழுதவைத்த அந்த வரியையும் கொடுத்தேன். எழுத்து வித்தியாசத்தை இரண்டு தடவை கேட்டார். "எங்கம்மா அப்புடித்தான் கூப்புடுவாங்க மேடம்" என்றாள் ஷமீமா. எழுதிக்கொண்டார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கான படிவமாம். வரிசையில் முன்னால் கல்லூரிப் பெண் ஒருத்தி, பின்னால் நான். ரெண்டு பேரும் கன்னி வாக்காளர்கள்!

இறுதிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. எழுத்துப் பிழைகூட இல்லை. உன் தெருவில் மறுபடியும் பாயசம். ஹாஜிரா மட்டும் இன்னமும், "அடுத்து என்ன கொண்டாருவாங்களோ" என்கிறாள்.

ஆனால் அந்தச் சுவர் என்னை விடவில்லை. என் பெயருக்கு மேலேயும் கீழேயும் வேறு பெயர்கள் இருந்தன. அருளப்பன் சொன்ன மாதிரி செத்துப்போனவர்கள் சிலர். மற்றவர்கள்? போன வாரம் அந்தத் தாளைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு கிளம்பினேன். என் பெயருக்கு மேல் வரியில் இருந்தவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். பழைய வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். ரெண்டே தெரு! பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பனியனோடு வெளியே வந்தார்.

"என்னையா தேடி வந்தீங்க?"

"ஒங்களத்தான்."

அவசரமாக உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போதும் பெயர் சேர்க்கலாம் என்று அந்த அதிகாரிப் பெண் சொல்லியிருக்கிறார். அருளப்பன் தன் ஊரில் விடுபட்டவர்கள் பெயர் ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும், பஸ் ஓடுகிற வரைக்கும், ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன் நூரு. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஷமீமாவுக்குப் பெரியம்மாவும்
உனக்கு அக்காவுமான
மேரி