விளக்கணைந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹைஃபாவில் நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நவாவின் ஆத்மாவுக்காகக் காதீஷ் ஜெபம் சொல்கிறாயா என்று கேட்டிருந்தாய். மனைவிக்குப் புருஷன்தானே சொல்ல வேண்டும்? அவளை அங்கே அடக்கம் செய்துவிட்டு ஆண்ட்வெர்ப் திரும்பியதிலிருந்து தினமும் ஜெப ஆலயத்தில் எழுந்து நிற்கிறேன். ஆமேன் சொல்வதற்காக எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்குக் குரல் வராது. வேறு யாராவது சொல்லி முடிப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கூத்து. இங்கே விளக்குகளுக்கு டைமர் வைப்பது என் பொறுப்பு. பகல் நீண்டு ஜெப நேரம் தள்ளிப்போனதை மறந்துவிட்டேன். பாதி ஜெபத்தில் அத்தனை விளக்கும் அணைந்துவிட்டது. வெள்ளி மாலையே ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறதே, சுவிட்சைத் தொடக்கூடாதே!

"இன்ஜினீயர் கையை வச்சா இப்படித்தான்!" என்றார் பக்கத்து இருக்கை ஃபிஷெல் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்ததை மனப்பாடமாகச் சொல்லி ஜெபத்தைத் தொடர்ந்தோம். காதீஷ் வந்தபோது யார் முகமும் தெரியவில்லை. நான் சொல்லிவிட்டேன் அம்மா, முழுசாக. இருட்டுக்குள்ளிருந்து ஆமேன் வந்தது.

ஃபிஷெல் மாமா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அந்த டைமரை அப்படியே விட்டுடுப்பா."

ஆனால் சரிசெய்துவிட்டேன். வாரம் முழுக்க வெளிச்சத்தில் மறுபடி குரல் வரவில்லை; இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஓய்வுநாள் முடியும்போது முகர்வோமே, நவாவின் வாசனை டப்பா, அது உன் அலமாரியில் இருக்கிறது. அனுப்பி வை. கழுவிவிடாதே, உள்ளே இருக்கும் கிராம்பு அவள் போட்டது.

சூரியன் இறங்குகிறது, ஓய்வுநாள் வந்துவிடும், இனி எழுதக்கூடாது.

உன் எல்கானா